திருச்சி – சிங்கப்பூர் பட்ஜெட் விமானம்: டிக்கெட்டை விடுங்கள், கிலோவைப் பாருங்கள்

நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தது 2012 கடைசியில். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் இரண்டு தடவை என்று ஊருக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன், கொரோனா சமயத்தில் மட்டும் போகவில்லை. இத்தனை வருஷத்தில் சாப்பாடு, போர்வை எல்லாம் தருகிற விமானத்தில் ஏறியது ஒரே தடவைதான், அதுவும் கம்பெனி எடுத்துக் கொடுத்த டிக்கெட். மற்றதெல்லாம் பட்ஜெட். திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு நேராகப் போக வேண்டுமென்றால் வேறு வழியும் பெரிதாகக் கிடையாது. நான் வந்த புதிதில் டைகர் என்ற விமானக் கம்பெனி இருந்தது, 2017-ல் அது ஸ்கூட் கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாம் அதே ரகம்தான்.

புதிதாக வருகிற தம்பிகள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, எதுல சீப்?" இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எத்தனை கிலோ கொண்டுபோகிறாய் என்று சொன்னால்தான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

என் முதல் பயணத்தில் இதைப் புரிந்துகொள்ள 160 வெள்ளி (சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்போம்) செலவானது. ஊருக்குப் போக 180 வெள்ளிக்கு டிக்கெட் கிடைத்தது என்று ரூமில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே முஸ்தபா கடையில் வாங்கிய பெட்டியில் சோப்பு, தைலம், சாக்லேட், தங்கச்சி பிள்ளைகளுக்குத் துணி எல்லாம் திணித்து 22 கிலோ. கவுண்டரில் போனால் அந்த டிக்கெட்டில் பெட்டியே கிடையாதாம், கைப்பை மட்டும்தானாம். பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது, பெட்டியைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, கட்டிவிட்டுப் போனேன். இதில் விமானக் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடுக்கும்போதே தெளிவாகப் போட்டிருந்தது, நான்தான் படிக்காமல் அடுத்து அடுத்து என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறேன்.

அதனால் இப்போது விலை பார்க்கும்போது முதலில் காட்டுகிற தொகையை நான் கண்டுகொள்வதே இல்லை. 30 கிலோ பெட்டியைச் சேர்த்து, பணம் கட்டுகிற கடைசிப் பக்கம் வரை போய், கார்டு கட்டணம் ஏதாவது ஏறுகிறதா என்று பார்த்து, அந்தத் தொகையைத்தான் ஒரு தாளில் எழுதி மற்றதோடு ஒப்பிடுவேன். சில விமானங்களில் டிக்கெட்டிலேயே பெட்டி அடங்கியிருக்கும், சிலவற்றில் அடங்காது. முதல் பக்கத்தில் 60 வெள்ளி அதிகமாகத் தெரிந்தது கடைசிப் பக்கத்தில் மலிவாக முடிந்தது எனக்கு நாலைந்து தடவை நடந்திருக்கிறது. கிலோவை டிக்கெட் எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள், அப்போதுதான் விலை குறைவு. பிறகு சேர்த்தால் கூடும், கவுண்டரில் போய் நின்றால் ஒவ்வொரு கிலோவுக்கும் தனித்தனியாக வாங்குவார்கள், அது கொள்ளை விலை. போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு என்று தனியாக வாங்கலாம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. நான் போகும்போது 35 கிலோ, திரும்பும்போது 20. கல்யாணமான புதிதில் திரும்பும்போதுதான் அதிகம் இருந்தது, மாமியார் வீட்டு முறுக்கு, அதிரசம், ஊறுகாய் எல்லாம் சேர்ந்து.

இன்னொன்று, 40 கிலோ வாங்கியிருக்கிறோமே என்று ஒரே பெட்டியில் 40-ஐயும் கட்டக் கூடாது. ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், தூக்குகிற ஆளின் இடுப்பு என்னாவது. இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். கையில் பிடித்துத் தொங்கவிடுகிற சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும். எங்கள் ரூமில் எட்டுப் பேருக்கு ஒரே தராசு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருப்பார். பழைய ஆட்கள் டிவியைக் கட்டி எடுத்துப்போன கதையெல்லாம் அப்போது வரும். 2013 ஆகஸ்ட் 26-லிருந்து தட்டை டிவிக்கு இந்தியச் சுங்கத்தில் 36.05 சதவீதம் வரி போட்டார்கள், அதோடு அந்தக் காலம் முடிந்தது. அதற்கு முன் திருச்சியில் பெட்டி வருகிற பெல்ட்டைப் பார்த்தால் டிவிக் கடை மாதிரி இருக்கும்.

கைப்பையில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஸ்கூட்டில் 10 கிலோ, இந்திய விமானங்களில் 7 கிலோ. போக ஒன்று, வர ஒன்று என்று வேறு வேறு கம்பெனியில் எடுத்தால் இந்த 3 கிலோ வித்தியாசம் சரியாகக் காலை வாரும். ஒரு தடவை கேட்டுக்குப் பக்கத்தில் தராசோடு நின்றுகொண்டிருந்தார்கள். "அண்ணா, ரெண்டு கிலோ கூட இருக்கு" என்றாள் அந்தப் பெண். ஜீன்ஸ் ஒன்றை இடுப்பில் கட்டி, இரண்டு சட்டையை மேலே போட்டு, சார்ஜர் எல்லாவற்றையும் பாக்கெட்டில் திணித்து, வைக்கோல் பொம்மை மாதிரி ஏறி உட்கார்ந்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போங்கள் என்றாள். எல்லா நாளும் நிறுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பிப் போகிற நாளில்தான் நிறுப்பார்கள்.

பெயர் விஷயம் கிலோவைவிட ஆபத்தானது, ஏனென்றால் கூடுதல் பணம் கட்டியும் தப்பிக்க முடியாமல் போகலாம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு கட்டத்தில் இருக்கும், இன்னொரு கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். டிக்கெட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். இனிஷியலைப் போட்டுவிட்டு வந்து கவுண்டரில் அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அடியுங்கள், ஒற்றைப் பெயர்க்காரர்கள் அந்தக் கம்பெனி எப்படிப் போடச் சொல்கிறதோ அப்படியே போடுங்கள், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சொல்வார்கள். துபாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு இதில் இன்னும் கெடுபிடி: 2022 நவம்பரில் இருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் போனால் உள்ளே விடுவதில்லை என்று விமானக் கம்பெனிகளே அறிவித்தன.

ஏஜென்டிடம் டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் நம்பரும் உங்கள் மெயிலும் டிக்கெட்டில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். 2018 பொங்கலுக்கு எனக்கு ராத்திரி விமானம். ஊரில் இருந்து வேன் பிடித்து அம்மா, சித்தப்பா, தங்கச்சி பிள்ளைகள் எல்லாரும் வழியனுப்ப வந்துவிட்டார்கள். உள்ளே போனால் கவுண்டரே திறக்கவில்லை. நேரத்தை மறுநாள் காலைக்கு மாற்றி மூன்று நாளைக்கு முன்பே மெயில் அனுப்பியிருக்கிறார்கள், ஏஜென்ட் தன் கடை மெயிலைக் கொடுத்திருக்கிறார், கடை பொங்கலுக்கு லீவு! அந்த ஆளைத் திட்டி என்ன பிரயோஜனம். எல்லாரும் வேனிலேயே திரும்பிப் போய், விடிவதற்குள் மறுபடி வந்தோம். பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு தடவை ஏரோப்பிளேன் பார்த்த சந்தோஷம். அன்றிலிருந்து ஏஜென்டே கிடையாது, நானே போனில் எடுக்கிறேன், கிளம்புவதற்கு முந்தின நாளும் கிளம்புகிற அன்றும் நேரத்தைச் சரிபார்க்கிறேன். பட்ஜெட் விமானங்களில் நேர மாற்றம் சகஜம், மறுநாள் காலையில் வேலைக்குச் சேர வேண்டும் என்ற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

மலேசியா வழியாக இரண்டு டிக்கெட் தனித்தனியாக எடுத்தால் இன்னும் மலிவு என்று சிலர் கணக்குப் போடுவார்கள். கூட வேலை செய்யும் ஒருவர் அப்படித்தான் திருச்சியில் இருந்து கோலாலம்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து சிங்கப்பூர் இன்னொரு டிக்கெட் என்று எடுத்தார். நடுவில் மூன்று மணி நேரம் போதும் என்று நினைத்தார். முதல் விமானம் தாமதம். தனி டிக்கெட் என்பதால் பெட்டி தானாக மாறாது, பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். அதற்குள் இரண்டாவது விமானம் போய்விட்டது, பணமும் போய்விட்டது, ஏனென்றால் இரண்டாவது டிக்கெட்டின் கணக்கில் அவர் வராத பயணி. இதே வேலையை 2023 டிசம்பருக்கு முன் செய்திருந்தால் விசா இல்லாமல் பெட்டியை எடுக்க வெளியேகூட வந்திருக்க முடியாது. இப்போது இந்தியர்களுக்கு அங்கே விசா விலக்கு இருக்கிறது, ஆனாலும் வருகை அட்டையை முன்பே ஆன்லைனில் நிரப்ப வேண்டும். போக வேண்டுமென்றால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

அம்மா அப்பாவைக் கூட்டி வருகிறவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இருக்கை அல்ல. காசு கட்டாவிட்டால் கணினி எங்கே போடுகிறதோ அங்கேதான். அப்பா முதல் தடவை வந்தபோது அவர் 9-ம் வரிசை, அம்மா 24. நாலு மணி நேரமும் அம்மா எட்டி எட்டி அப்பாவின் தலையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். முட்டி வலி இருந்தால் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நடை அதிகம். சாப்பாடு முன்பே பதிவு செய்தால் சூடாக ஒன்று நிச்சயம் வரும், உள்ளே வாங்கலாம் என்றால் சைவம் தீர்ந்துவிடும். போர்வை தர மாட்டார்கள், குளிர் எலும்புவரை போகும், ஒரு துண்டோ சால்வையோ கையில் இருக்கட்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நீங்களே நிரப்பி அனுப்பிவிடுங்கள். அது இலவசம், காசு கேட்கிற வெப்சைட் எல்லாம் போலி அல்லது இடைத்தரகர்.

ஊரில் இருந்து கட்டித் தருகிற பெட்டியை ஒரு தடவை நீங்களே பிரித்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். அம்மா ஒரு தடவை சாமி படத்தோடு கற்பூரமும் தீப்பெட்டியும் வைத்துவிட்டார். இரண்டுமே தீப்பிடிக்கிற சாமான், பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான், எண்ணெய் இருப்பதால் விட மாட்டார்கள். ஊறுகாய் கைப்பையில் வேண்டாம், பெட்டியில் நான்கு உறை போட்டுக் கட்டுங்கள். கருவாட்டுக்கு ஆறு உறை. வாயில் போடுகிற புகையிலை, சூயிங்கம் இரண்டும் சிங்கப்பூருக்குள் வரக் கூடாது, நண்பன் கொடுத்தான் என்று எந்தப் பொட்டலத்தையும் பார்க்காமல் வாங்காதீர்கள். பவர்பேங்க் தலைகீழ்: அது பெட்டியில் இருக்கக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1-லிருந்து ஸ்கூட்டில் அதை விமானத்துக்குள் வைத்து போனுக்கு சார்ஜ் போடவும் கூடாது, அதனால் ஏறுவதற்கு முன்பே சார்ஜை ஏற்றிவிடுங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு சின்ன விஷயம். சாங்கியில் டெர்மினல் 1, 2, 3-ல் சோதனை கேட்டில்தான் நடக்கும். வெளியே குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனால் கேட்டில் கொட்டச் சொல்வார்கள். வயிறு முட்டக் குடித்துவிட்டு, பாத்ரூமும் போய்விட்டு உள்ளே நுழையுங்கள். பெரும்பாலான கேட்டுக்குள் இரண்டுமே கிடையாது.

திருச்சியில் 2024 ஜூனில் இருந்து புது டெர்மினல். பழையதில் ஒரே நேரத்தில் இரண்டு விமானம் வந்தால் மூச்சு முட்டும், இப்போது பெரிய நிம்மதி. ஆனால் நள்ளிரவில் இறங்குகிற டிக்கெட் 40 வெள்ளி குறைவு என்று எடுத்தால், அந்த நேரத்தில் டாக்ஸிக்காரர் கேட்பதில் அது போய்விடும். புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி, விமான நிலையம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. எனக்கு அறந்தாங்கி பக்கம், விடியற்காலையில் இறங்கினால் பேருந்து நிலையம் போய் ஒரு டீ குடித்துவிட்டு பஸ்ஸில் போய்விடுவேன். சிங்கப்பூர்ப் பக்கமும் இதேதான், எம்ஆர்டி ரயில் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும், அப்புறம் டாக்ஸிதான்.

வருகிற பொங்கலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போக 35, வர 20. நேற்று ராத்திரி தங்கச்சி வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்பியிருக்கிறாள், கூட்டிப் பார்த்தேன், அவளுடையதே 11 கிலோ வருகிறது.