மே மாதம் நாசிக்கில் திராட்சை அறுவடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கும் ‘கன்சல்டன்சி’யில் போன வருடம் 25,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். இந்தக் கோடைக்கு இன்டர்ன்ஷிப் தேடும் பிள்ளைகள் அந்தப் படியில் கால் வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். நொதித்தல் என்றால் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. எங்கள் ஆச்சி கிறிஸ்துமஸுக்குக் கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கை கோதுமை, பட்டை, கிராம்போடு பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் வேடு கட்டி வைப்பாள். தினமும் மர அகப்பையால் கிண்டும்போது சுர்ரென்று நுரை ஏறும். ஜாடியில் காதை வைத்துக் கேட்டு அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் மகாராஷ்டிரத்தில் ஒயின் தயாரிக்கும் ஆலையில் பயிற்சி, ‘நாசிக் ஒயினரியில் 45 நாள்’ என்று வாட்ஸப்பில் செய்தி வந்ததும் கை சும்மா இருக்கவில்லை.

வீட்டில் லேசில் விடவில்லை. நம்மூரில் ஒயின்ஷாப் என்றால் டாஸ்மாக், அங்கே ஒயின் கேட்கிறவர்தான் அபூர்வம். “ஏலே, உன்னப் படிக்க வச்சது பிராந்திக் கடையில நிக்கதுக்கா?” என்றார் அப்பா. அவரைச் சம்மதிக்க வைக்கப் பட்ட பாட்டில் பாதியை அந்தக் கம்பெனியைப் பற்றி விசாரிப்பதில் பட்டிருக்கலாம்.

ஆபீஸில் ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கத் திராட்சைத் தோட்டப் படம். மேனேஜர் தம்பி தம்பி என்று தேனாகப் பேசினார். மே 5-ஆம் தேதி போனால் அறுவடை, பழம் நசுக்குவது, நொதிக்க வைப்பது எல்லாம் நேரில் பார்க்கலாம், தங்க இடம், சாப்பாடு, மாதம் 12,000 உதவித்தொகை, முடித்ததும் சான்றிதழ் என்றார். பதிவுக்கு 3,500, சீருடைக்கும் மெடிக்கலுக்கும் 6,500, திருப்பித் தரும் டெபாசிட் 15,000. ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது கம்பெனிக் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு. அப்போதே உறைத்திருக்க வேண்டும். ரசீதை மடித்துப் பையில் வைத்தேனே தவிர, படிக்கவில்லை.

இதில் என் முட்டாள்தனமும் உண்டு. திராட்சை என்றால் எனக்குத் தெரிந்தது கம்பம் பள்ளத்தாக்குதான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை அங்கே ஒரு தோட்டம் இல்லாவிட்டால் இன்னொன்றில் வருடம் முழுக்க வெட்டுக்கு வரும். நாசிக்கும் அப்படித்தான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டு ராத்திரி ரயில், மும்பையில் இறங்கி இன்னொரு ரயில். நாசிக் ரோடு ஸ்டேஷனிலிருந்து ஒரு வேனில் ஏற்றிப் போய் இறக்கியது ஒயினரியில் இல்லை, தகரக் கூரை போட்ட குடோனில். காலிப் பாட்டில் பெட்டியை இறக்கு, உடைந்ததைப் பொறுக்கு, அட்டைப்பெட்டியை மடித்து டேப் ஒட்டு, இதுதான் பயிற்சி. ஒரே அறையில் எட்டுப் பேர். சங்கரன்கோவில் பையன் ஒருத்தன், கடையநல்லூர் பையன் ஒருத்தன், இருவரும் அதே மாடிப்படி ஏறி வந்தவர்கள்தான். கடையநல்லூர்க்காரனுக்கு இரண்டாம் நாளே உள்ளங்கையில் கண்ணாடி கீறிவிட்டது. மெடிக்கலுக்குக் கட்டின பணத்தில் ஒரு பிளாஸ்திரிகூட வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நடந்தே பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். ஒரு குலைகூட இல்லை. வெட்டிவிட்ட கொடியில் அப்போதுதான் தளிர் வந்திருந்தது. அங்கிருந்த பெரியவரிடம் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் “அங்கூர்?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணிக் காட்டினார்: ஜனவரி, பிப்ரவரி, மார்ச். அதோடு சரி. அந்தப் பக்கம் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, அதாவது கிளையை வெட்டிவிடுவது, அது கொடியைத் தேற்ற. செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, காய்ப்பு அதற்கு அப்புறம்தான். மே மாதம் ஒயினரியில் வேலையே இருக்காது என்று சொல்லவில்லை. ஒயினை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள், வடிகட்டுவார்கள், பாட்டிலில் அடைப்பார்கள், அதைக் கற்றுக்கொள்வதும் நல்லதுதான். ஆனால் அறுவடையும் நசுக்குவதும் கிடையாது. ‘அறுவடை எந்த மாதம்?’ என்று எந்த ஒயினரிக்காவது ஒரு போன் போட்டிருந்தால் என் 25,000 தப்பியிருக்கும்.

அப்பா அனுப்பிய பணத்தில் டிக்கெட் எடுத்து ஊர் வந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

நேராக வண்ணார்பேட்டை. டெபாசிட்டைக் கேட்டேன். மேனேஜர் குரலே மாறிவிட்டது. “டெபாசிட்டா? ரசீத எடுங்க பாப்போம்.” எடுத்தேன். 25,000-க்கும் சேர்த்து ஒரே வரி: ‘ஆலோசனைக் கட்டணம்’. கீழே பொடி எழுத்தில், திருப்பித் தரப்படமாட்டாது. வாயால் சொன்ன எதற்கும் தாளில் ஒரு எழுத்து இல்லை. ஒயினரி அனுப்பியதாகக் கொடுத்த கடிதமும் ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து வந்ததுதான்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தேன். புகாரை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் நான் பணம் அனுப்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த எண்ணில் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமலும் போடலாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள். என் மனு இன்னும் நடக்கிறது. சங்கரன்கோவில் பையனும் போட்டிருக்கிறான்.

நீங்களும் அந்த மாடியில் பணம் கட்டியிருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள். அதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று இருந்தால், அசலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நகலோடு மனுப் போடுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸப் குரல் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். நான் போனை மாற்றும்போது அதைத்தான் தொலைத்தேன்.