பக்கவாதத்திற்குப் பின் வீடு தேடி வரும் மருத்துவம்: ஒரு மதிப்பீடு

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் குழறிப்போன என் பெரியப்பாவுக்குக் கிராமத்து வீட்டிலேயே கிடைத்துவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இத்திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள், இயன்முறைப் பயிற்சி, நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியரின் கவனிப்பு ஆகியவை கட்டணமின்றி வாசலுக்கே வருகின்றன.

இவற்றுள் செவிலியரின் வருகையையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டதோடு நில்லாமல், பெரியப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண்ணின் அறிகுறியாகத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். தளர்ந்த கையின் கீழ்த் தலையணை வைக்கும் முறையைப் பெரியம்மாவையே செய்யச் சொல்லித் திருத்தினார். நகரத்து மருத்துவமனைக்குப் போய்வந்தால் அன்றைய கூலியை இழக்க நேரும் குடும்பங்களுக்கு இதன் மதிப்பு மிகப் பெரிது.

குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ‘அட்டெண்ட்’ ஆய்வில், குடும்பத்தினர் அளித்த பயிற்சி, ஆறு மாத முடிவில் இறப்பையோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையையோ குறைக்கவில்லை. தேர்ச்சி பெற்றவர்களின் தொடர் வருகைதான் இச்சேவையின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து.

பேச்சுப் பயிற்சியையும் இதனுடன் முழுமையாக இணைக்க வேண்டும். வசதியுள்ளோர் நகரத்தில் பணம் கொடுத்துப் பெறும் அந்தப் பயிற்சி, ஊர்ப்புற ஏழைகளுக்கு எட்டாததாகவே இருக்கிறது. சேவை தேவைப்படுவோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.