பழைய வேகன் ஆரில் கேஸ் கிட்: கல்லிடைக்குறிச்சி – பாளையங்கோட்டை ஓட்டத்தில் என் அனுபவம்

வண்டி 2006 மாடல் வேகன் ஆர், 1061 சிசி பெட்ரோல் எஞ்சின். இரண்டாம் கையாக வாங்கியது. 2021-ல் பதினைந்து வருடம் முடிந்து, ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த கையோடு எல்.பி.ஜி. கிட் (பெட்ரோல் வண்டியைக் கேஸிலும் ஓட வைக்கும் சாமான்கள்) போட்டேன். அந்த வருடம்தான் நம் பக்கம் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வரியில் 3 ரூபாய் குறைத்தும் பெரிதாக மூச்சுவிட முடியவில்லை. வீடு கல்லிடைக்குறிச்சி, வேலை பாளையங்கோட்டை. வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, பேட்டை என்று போய்த் திரும்பினால் நாளுக்கு 70 கிலோமீட்டருக்குக் குறையாது. அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் கேஸில்தான் ஓடுகிறது.

"கேஸ் போடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பெட்ரோலில் உங்கள் வண்டி இப்போது எப்படி ஓடுகிறது? கிட் இத்தாலியா, எத்தனை லிட்டர் டாங்க், விலை என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. பழைய எஞ்சினில் இருக்கும் சின்னச் சின்னக் குறைகளைப் பெட்ரோல் பொறுத்துக்கொள்ளும். கேஸ் பொறுக்காது. கேஸும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்க பிளக்கில் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் ஒப்பேற்றிக்கொண்டிருக்கும் பிளக்கும், வெடித்துப்போன பிளக் ஒயரும், பிளக்குக்கு மின்சாரம் தரும் சோர்ந்துபோன காயிலும் கேஸுக்கு மாறிய அன்றே மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். உடனே "கிட் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். கேஸ் போட்டு ஏமாந்தேன் என்கிற பலருடைய வண்டியில் நான் பார்த்தது இதைத்தான்.

எனக்குக் கிட் போட்டுக் கொடுத்தவர் மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய். முதல் நாள் போனபோது கிட் பெட்டியை அவர் எடுக்கவே இல்லை. பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "மொதல்ல வண்டிய வண்டியா ஆக்குவோம் அண்ணாச்சி. கேஸப் பத்திப் பெறவு பேசலாம்" என்றார். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்த்தார், டேப்பட் (வால்வின் இடைவெளி) அட்ஜஸ்ட் செய்தார். பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர் எல்லாம் புதிதாகப் போட்டு, ஒரு காயிலையும் மாற்றினார். இதற்கே ஒரு தொகை ஆனது. ஆனால் கேஸ் போடாமல் விட்டிருந்தாலும் அந்த வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலைதான் அத்தனையும்.

அதற்கு முன்பு டவுனில் வேறொரு இடத்தில் விசாரித்திருந்தேன். பாய் சொன்னதைவிட நல்ல குறைச்சலான விலை, காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. டாங்குக்குச் சான்றிதழ் உண்டா என்றால் பேச்சை மாற்றினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் போடாதீர்கள்.

நான் போட்டது சீக்வென்ஷியல் கிட். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஸைப் பீய்ச்சத் தனித்தனி இன்ஜெக்டர், தனிக் கம்ப்யூட்டர். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு கேஸைக் காற்றோடு கலந்துவிடும் மிக்ஸர் வைக்கும் பழைய முறை உண்டு, இன்ஜெக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் அதை வைத்தால் பேக் ஃபயர் ஆகி (கலவை எஞ்சினுக்கு வெளியே பின்பக்கமாக வெடித்து) ஏர் ஃபில்டர் பெட்டி உடைய வாய்ப்பு அதிகம். வேகன் ஆரில் ஒரு நிம்மதி, 2006-லேயே 'டியோ' என்ற பெயரில் கம்பெனியே இதை எல்.பி.ஜி.யோடு விற்றது. அதனால் மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சினும் கேஸும் பழகின விஷயம்.

வண்டி பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். டாங்கில் கேஸ் திரவமாக இருக்கிறது. அதை ஆவியாக்கும் ரெடியூசருக்குச் சூடு வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் தானாகக் கேஸுக்கு மாறும். நம் ஊர் வெயிலில் இது சட்டென்று நடந்துவிடும். மார்கழிக் காலையிலும் ஆடிச் சாரலிலும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

இந்த ரேடியேட்டர் விஷயத்தை யாரும் விரிவாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் ராதாபுரம் பக்கம். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. அதையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டியிருக்கிறார். பாய் கழற்றிக் காட்டியபோது ஹோஸுக்குள் வெள்ளைக் காரை படிந்து, துருத் தண்ணீர் வந்தது. அப்படியே ரெடியூசரை இணைத்திருந்தால் அதன் மெல்லிய தண்ணீர்ப் பாதை அடைத்துப்போயிருக்கும். சூடு கிடைக்காமல் கேஸ் ஆவியாகும்போது ரெடியூசர் குளிர்ந்து, அக்கினி நட்சத்திர வெயிலிலும் மேலே வெண்பனி படியும். வண்டி இழுக்காமல் நின்றுவிடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஒழுகிய ஹோஸ்களை மாற்றி, கூலண்ட் ஊற்றிய பிறகே இணைத்தார். கூலண்ட் அளவைப் பார்ப்பது இன்றும் என் வாராந்திரப் பழக்கம். இந்த ஒன்றை மட்டும் தவறாமல் பார்த்தால் பாதித் தொல்லை வராது.

சரி, மைலேஜ். ஒரு லிட்டர் கேஸில் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் இருக்கிறது. ஆகவே லிட்டருக்கு அதே கிலோமீட்டர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ.சி.யோடு பெட்ரோலில் 14 கொடுத்த என் வண்டி கேஸில் 11 கொடுக்கிறது. பெட்ரோல் 100 ரூபாய், கேஸ் 60 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 7 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், கேஸில் ஐந்தரை ரூபாய். மிச்சம் ஒன்றரை ரூபாய்க்கு மேல். கிட், டாங்க், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் என்றால் அது திரும்பி வர 20,000 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். என்னைப்போல் தினமும் ஓடுகிறவருக்கு ஒன்றேகால் வருடத்தில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கிற வண்டி என்றால் வேண்டாம். அந்தக் காசில் நல்ல டயர் போடுங்கள். பங்குக்குப் போகும்போது அன்றைய இரண்டு விலையையும் பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது.

என் டாங்க் பின் சீட்டுக்குப் பின்னால் உருளையாக உட்கார்ந்திருக்கிறது. 40 லிட்டர் டாங்க் என்றால் 32 லிட்டர்தான் ஏறும். 80 சதவீதத்தில் வால்வு தானாக அடைத்துவிடும். வெயிலில் திரவம் விரிவடைய இடம் வேண்டுமே, அதற்காக. நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டியைக் கொண்டுபோனால் டாங்குக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், கேஸ் மெதுவாகத்தான் ஏறும். அதனால் கோடையில் காலையில் போகும் வழியிலேயே போட்டுவிடுவேன். எப்போதும் திருநெல்வேலியில்தான் நிரப்புகிறேன், ஆட்டோக்காரர்களோடு வரிசையில் நின்று. அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று மேற்கே போனால் நிரப்பலாம் என்ற எண்ணத்தில் கிளம்புவதே இல்லை. உங்கள் அன்றாட வழியில் கேஸ் பங்க் இல்லையென்றால், அதற்காகவே தனியாக ஓடுவதில் மிச்சம் கரைந்துவிடும்.

பெட்ரோல் டாங்கைக் காயவிடக் கூடாது. பெட்ரோல் பம்ப் அந்த டாங்குக்குள்ளேயே இருக்கிறது, பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. கால் டாங்காவது எப்போதும் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒருநாள் பெட்ரோலிலேயே வீடு திரும்புவேன். பெட்ரோல் இன்ஜெக்டரும் சும்மா கிடந்து அடைக்காது.

இழுவை கொஞ்சம் குறையும். சமதளத்தில், தனியாக ஓட்டும்போது எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஐந்து பேரோடு ஏ.சி. போட்டுக்கொண்டு காரையாற்றுக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஏறும்போது தெரியும். அங்கே சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாறிவிடுவேன். நாகர்கோவில் போகும்போது காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் அடிக்கிற எதிர்காற்றிலும் அப்படித்தான். ஆனால் கேஸுக்கு ஆக்டேன் (முன்கூட்டி வெடிக்காமல் தாங்கும் திறன்) 100-க்கு மேல் என்பதால், பழைய எஞ்சினில் கியர் குறைக்காமல் அழுத்தினால் டக்டக்கென்று வரும் அந்த நாக்கிங் சத்தம் அறவே போய்விட்டது. எஞ்சின் ஆயிலும் மாற்றும் நேரத்தில் முன்பு போலக் கன்னங்கரேல் என்று இருப்பதில்லை.

பராமரிப்பில் கூடுதலாக வந்தவை கேஸ் ஃபில்டர், டேப்பட், ஒயரிங். ஃபில்டர் மலிவு, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். டேப்பட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். கேஸ் உலர்ந்து எரிவது. எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெல்ல மெல்லத் தேயும், தேயத் தேய டேப்பட் இடைவெளி இறுகும். சத்தம் கேட்டால் பார்க்கலாம் என்று இருந்தால் சத்தமே வராது. இறுகிய டேப்பட் அமைதியாகத்தான் இருக்கும். வால்வு மூடாமல் கம்ப்ரஷன் போன பிறகு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார் பாய், பார்த்து வருகிறேன். இதுவரை இரண்டு தடவை கொஞ்சம் இறுகியிருந்து சரிசெய்தோம்.

ஒயரிங்கில் எனக்கு வந்த எதிரி எலி. வீட்டுக்குப் பின்னால் வயல். அறுப்பு முடிந்ததும் எலிகள் பானட்டுக்குள் குடியேறும். ஒரு காலையில் வண்டி கேஸுக்கு மாறவே இல்லை, பார்த்தால் இன்ஜெக்டர் ஒயரைக் கடித்து வைத்திருந்தது. பட்டறையில் ஒயர்களை முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் வைத்து ஒட்டி, குழாய்க்குள் விட்டுத் தரச் சொல்லுங்கள். அடியில் போகும் தாமிரக் குழாயின் க்ளாம்ப்களையும் வருடம் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். நம் கிராமத்து வேகத்தடைகளின் உயரம் உங்களுக்கே தெரியும்.

கிட் போட்டுவந்த அன்று அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏய்யா, அடுப்பங்கர சிலிண்டரத் தூக்கி டிக்கியில வச்சிட்டியா? பிள்ளையள எப்படி ஏத்துவ?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டு சிலிண்டரிலிருந்து காருக்குக் கேஸ் ஏற்றுகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது குற்றம், உயிரோடு விளையாட்டு. காருக்கான டாங்கில் 80 சதவீதத்தில் அடைக்கும் வால்வு, அழுத்தம் மிஞ்சினால் வெளியேற்றும் வால்வு, குழாய் உடைந்தால் ஓட்டத்தை நிறுத்தும் வால்வு எல்லாம் உண்டு. வால்வைச் சுற்றிய பெட்டியிலிருந்து ஒரு ஹோஸ் வண்டிக்கு அடியில் வெளியே போக வேண்டும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவு, டிக்கி எல்லாம் திறந்துவிட்டு, டாங்க் வால்வைக் கையால் மூடுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் பையனுக்கே இப்போது தெரியும். அம்மாவுக்கு இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அடுத்த வாரம் அதே வண்டியில் திருச்செந்தூர் வந்தார்.

காகித வேலையில் குறுக்கு வழி வேண்டாம். கிட்டுக்கான அனுமதி உங்கள் எஞ்சின் அளவுக்கும் புகை அளவு விதியான பாரத் ஸ்டேஜுக்கும் பொருந்துகிறதா என்று முதலிலேயே பாருங்கள். பட்டறை தரும் சான்றிதழ், டாங்கின் சான்றிதழ் இரண்டையும் வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றிப் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் 60 ரூபாய், சொந்தச் சேதத்தில் கிட் மதிப்புக்கு 4 சதவீதம் என்று சின்னத் தொகைதான் கூடும். சொல்லாமல் விட்டால், விபத்து என்று வரும்போது கம்பெனி கைவிரிக்க அதுவே காரணமாகும்.

இப்போது எனக்கு ஐந்து வருடம் நெருங்குகிறது. டாங்கைக் கழற்றி அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டிய நேரமும், ஆர்.சி.யை மறுபடி புதுப்பிக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. பழைய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். இருபது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் இன்னும் கூட்டிவிட்டார்கள். கேஸ் போட நினைப்பவர்கள் இந்தச் செலவையும் சேர்த்து, வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்போம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் புதுப்பிக்கத்தான் போகிறேன். டாங்க் சோதனைக்குப் போயிருக்கும் நாட்களில் வண்டி பெட்ரோலில் ஓடட்டும் என்று சொல்லிவிட்டார் பாய். முதலில் டாங்க் சான்றிதழை வாங்கிவிட்டு, பிறகுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும்.