பழைய ஐஎஸ்ஏ கார்டு: பலகையைப் படிப்பதா, ஓடவிட்டுப் பார்ப்பதா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தமிழில் விசாரித்து ஒரு பழைய ஐஎஸ்ஏ கார்டு (பழைய பிசிக்களில் செருகும் விரிவாக்க அட்டை) வாங்கிவிட்டீர்கள். எமுலேட்டருக்காக, அதாவது பழைய வன்பொருளைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளுக்காக, அதன் விவரங்களைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பலகையைப் படிப்பது. இருபுறமும் ஸ்கேன் எடுத்து, மல்டிமீட்டரால் தடங்களைத் தொடர்ந்து சர்க்யூட் வரையலாம். ஈப்ராமை (தரவு பதிந்த நினைவக சிப்பை) ரீடரில் வைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். 27சி256 ரக ஈப்ராம் என்றால் 32 கிலோபைட்தான். கார்டு செத்திருந்தாலும் இது நடக்கும். ஈப்ராம் ஜன்னல் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் உரித்துப் போடாதீர்கள். வெயிலில் கிடந்தால் தரவு அழிந்துபோகும். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட பிஏஎல் (லாஜிக்) சிப் இருந்தால் இந்த வழி அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று, கணினியில் செருகி, கார்டின் போர்ட்டுகளில் (கணினி அதோடு பேசும் முகவரிகளில்) எழுதி, வரும் பதிலைக் குறிப்பது. நேரக்கணக்கு இதில்தான் பிடிபடும். 1987-இல் வந்த ஆட்லிப் இசை கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 388 ஹெக்ஸ் போர்ட் வழியாக டைமரை ஓடவிட்டு, 80 மைக்ரோநொடி பொறுத்து நிலையைப் படித்து, மேல் மூன்று பிட்டுகளை மட்டும் எடுத்தால் ஹெக்ஸில் சி0 வர வேண்டும். பல கேம்கள் கார்டு இருக்கிறதா என்று இப்படித்தான் சோதிக்கும். எமுலேட்டரில் டைமரை விட்டுவிட்டால் அவற்றில் இசையே வராது. சர்க்யூட் படத்திலோ ஒய்எம்3812 என்ற இசை சிப்பின் பெயர்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், முதலில் ஈப்ராமைப் படித்துவிடுங்கள். மின்சாரம் கொடுப்பதெல்லாம் அப்புறம். பழைய டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் கார்டே கருகிப் போகலாம்.