பாட்டுப் பட்டியலா, பேசும் குரலா? இளைய நேயர்களுக்கான வானொலிப் போட்டி

ஒரு சிறிய பண்பலை நிலையத்தின் நிகழ்ச்சிப் பிரிவில் இருந்தபோது, இரவு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி வரையிலான நேரத்தை இளைஞர்களுக்காக எப்படி நடத்துவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வழிகள் இரண்டு இருந்தன. பேச்சைக் குறைத்து, தேர்ந்தெடுத்த சில பாடல்களையே சுழற்சியில் ஒலிபரப்பலாம். அல்லது பாடல்களைக் குறைத்து, ஒரு தொகுப்பாளரின் குரலை நம்பி நேரலையாக நடத்தலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்பதால், இந்த அலசலில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டியல் வழியின் நன்மைகள் பலரும் அறிந்தவை: செலவு குறைவு, வாய் தவறும் ஆபத்து இல்லை, எப்போது திருப்பினாலும் பழகிய பாட்டு கிடைக்கும். 1950களில் அமெரிக்காவின் ஒமாஹாவில் டாட் ஸ்டோர்ஸ் வளர்த்தெடுத்த 'டாப் 40' என்ற, புகழ்பெற்ற சில பாடல்களையே சுழற்றும் முறைக்கு, வாடிக்கையாளர்கள் ஜூக்பாக்ஸ் எனும் பாட்டுப் பெட்டியில் காசு போட்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்ற எளிய கவனிப்பே அடிப்படை. 1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் கேஎச்ஜே நிலையத்தில் பில் டிரேக் அதை இன்னும் இறுக்கி, பட்டியலையும் அறிவிப்பாளரின் பேச்சையும் சேர்த்தே சுருக்கினார். பின்னர் வந்த செலக்டர் போன்ற மென்பொருள்கள், எந்தப் பாட்டு எத்தனை மணி நேரம் கழித்துத் திரும்ப வேண்டும் என்பதைக்கூட மனிதர் கையிலிருந்து வாங்கிக்கொண்டன. கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டவரை அந்தக் கால் மணி முழுவதும் கேட்டவராக எண்ணும் வழக்கம் அமெரிக்க வானொலி நேயர் கணக்கெடுப்பில் நெடுங்காலம் இருந்ததால், விளம்பர இடைவேளையை எந்த நிமிடத்தில் வைப்பது என்பதே தனிக்கலையானது.

ஆனால் அந்த முறை பிறந்த காலத்தில், பிடித்த பாட்டை நினைத்த நொடியில் கேட்க இளைஞர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை. இப்போது அதே பட்டியல் கைப்பேசியில் இருக்கிறது. பிடிக்காத பாட்டைத் தள்ளிவிடும் வசதியும் இருக்கிறது. நாங்கள் முதல் சில வாரங்கள் பட்டியலை ஓட்டிப் பார்த்தபோது யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் அளவுக்குக்கூட எவருக்கும் அதில் அக்கறை இல்லை என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

தொகுப்பாளரை உட்கார வைத்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "நாளைக்கு இயற்பியல் தேர்வு, இரண்டாவது பாடத்தையே இன்னும் முடிக்கவில்லை." அவர் அதை அப்படியே வாசித்து, "துணைக்கு யாராவது விழித்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார். பாட்டு முடிவதற்குள் திரை நிறைந்துவிட்டது. முதல் பாடத்திலேயே நிற்பவர்கள், புத்தகத்தையே தொலைத்தவர்கள், தேர்வே இல்லாமல் சும்மா விழித்திருப்பவர்கள். தனியாகப் பாட்டுக் கேட்கும் ஒருவருக்கு, அதே நொடியில் இன்னும் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டப் பட்டியலால் முடியாது.

இவ்வளவு சாதகமாகச் சொன்னாலும், முடிவை நிர்ணயிப்பது பராமரிப்புதான். அங்கே என் தரப்புக்குத்தான் சிக்கல் அதிகம். பட்டியல் பழசானால் ஒரே இரவில் மாற்றிவிடலாம். குரல் அப்படியல்ல, இளைய நேயர்கள் நகர்ந்துகொண்டே இருப்பவர்கள், தொகுப்பாளரோ அங்கேயே இருந்து வயதாகிறவர். இதற்குப் பெரிய சாட்சி பிபிசி ரேடியோ 1. கப்பல்களிலிருந்து ஒலிபரப்பிய உரிமமற்ற நிலையங்கள் இளைஞர்களைக் கவர்ந்ததற்கு மறுமொழியாக, அந்த நிலையங்களின் குரல்கள் சிலவற்றையே சேர்த்துக்கொண்டு, 1967 செப்டம்பர் 30 அன்று அது தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அறிவிப்பாளர்களும் நேயர்களும் ஒன்றாகவே நடுவயதை எட்டியிருந்தார்கள். 1993இல் மேத்யூ பானிஸ்டர் நிலையத்தின் தலைமைப் பொறுப்புக்கு வரவிருந்த சமயத்தில் மாற்றங்கள் தொடங்கியபோது, மூத்த அறிவிப்பாளர் டேவ் லீ டிராவிஸ் நேரலையிலேயே விலகலை அறிவித்தார். பல மூத்த குரல்கள் வெளியேறின. நேயர்களும் லட்சக்கணக்கில் போனார்கள். ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செய்திருக்க வேண்டிய புதுப்பித்தலை மொத்தமாகச் செய்ததற்குக் கொடுத்த விலை அது.

வயது ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அதே நிலையத்தில் முதல் ஆண்டிலிருந்து பேசிய ஜான் பீல், 2004இல் தமது 65ஆம் வயதில் இறக்கும் வரை, பெயர் தெரியாத புதுக் குழுக்களின் இசையைத் தேடித் தேடி ஒலிபரப்பினார். அவருடைய காது மட்டும் முதுமையடையவில்லை. ஆஸ்திரேலியாவில் 1975இல் டபுள் ஜே என்று தொடங்கி டிரிபிள் ஜே ஆன நிலையம் வேறொரு வழி கண்டது: 1995 முதல் 'அன்எர்த்ட்' (Unearthed) என்ற தேடல் வழியாக அறிமுகமாகாத உள்நாட்டுக் கலைஞர்களை ஒலிபரப்புக்குக் கொண்டுவந்தது. அதனால் புதுமை ஓர் அறிவிப்பாளரின் இளமையை மட்டும் நம்பியிருக்கவில்லை. எனினும் இவை பொதுநிதியில் நடப்பவை. விளம்பர வருவாயில் மட்டும் வாழும் நிலையம் இத்தனை பொறுமை காட்டுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. என் அனுபவமும் ஒரே ஓர் இரவு நிகழ்ச்சியோடு நிற்பது. அவசரத்தில் கேட்கப்படும் காலை நேரத்துக்குப் பட்டியலே பொருத்தமாக இருக்கலாம்.

நாங்கள் செய்தது, வார இறுதியின் கடைசி ஒரு மணி நேரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு புதுக் குரலுக்குக் கொடுத்து, பழைய தொகுப்பாளரை ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளராக உட்கார வைத்ததுதான். அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒருநாள் வந்திருந்த குறுஞ்செய்திகளை அச்செடுத்துக்கொண்டு அவரே என் மேசைக்கு வந்தார். அதுவரை "அண்ணா" என்று எழுதிக்கொண்டிருந்தவர்களில் நான்கு பேர் அந்த வாரம் "சார்" என்று எழுதியிருந்தார்கள். அவருடைய மற்ற இரவுகளில் எவற்றை முதலில் விட்டுக்கொடுப்பது என்று அன்றே பேசி முடித்தோம்.