93 சதவீதம் என்று சொல்லிக்கொண்டே இருந்த சுவிட்ச்: ஐந்தாண்டு அனுபவம்

பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் வலையமைப்பைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் கல்லூரியில் நாங்கள் வைத்திருக்கும் அதே 48 போர்ட் சுவிட்ச் (கணினிகளைக் கேபிள் வழியே ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) இப்போது பழைய சரக்காகப் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறதாம். நான்கு வாங்கிப் போடலாமா என்று கேட்டார். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாமல் முக்கால் மணி நேரம் பேசினேன். பேச்சில் பெரும்பகுதி அதன் நினைவகத்தைப் பற்றியதாகவே அமைந்துவிட்டதால், இங்கும் அதை மட்டுமே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 தொடக்கத்தில் வாங்கி ஒரே சுவிட்சாக இயங்கும்படி ஸ்டாக்காக இணைத்த நான்கு சுவிட்சுகளில் இன்றுவரை ஒரு போர்ட்கூடப் பழுதாகவில்லை. கோடையில் இரண்டு நாட்கள் ஏ.சி. நின்றுபோனபோதும் அவை முணுமுணுக்கவில்லை. முதல் ஃபர்ம்வேரில் (சுவிட்சை இயக்கும் உள் மென்பொருளில்) 500 நாட்களுக்கு மேல் ரீபூட் இல்லாமல் ஓடின. 497ஆம் நாளில் ஓடிய காலத்தின் கணக்கு திடீரெனப் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்டு, சுவிட்ச் தானாக ரீபூட் ஆகிவிட்டது என்று பதறி சர்வர் அறைக்கு ஓடினேன். சுவிட்சின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறிய உதவும் எஸ்.என்.எம்.பி. என்னும் முறை அந்தக் காலத்தை நொடியின் நூறில் ஒரு பங்காக 32 பிட் எண்ணில் எண்ணுவதால், 497 நாட்களில் எண் நிரம்பி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது என்று அறிந்த பிறகுதான் மூச்சு வந்தது. அதில் சுவிட்சின் குற்றம் எதுவும் இல்லை.

குற்றம் வேறோர் எண்ணில் இருந்தது. வாங்கிய இரண்டாம் மாதமே கண்காணிப்பு மென்பொருள், நினைவகப் பயன்பாடு 93 சதவீதம் என்று சிவப்பு நிறத்தில் காட்டத் தொடங்கியது. உதவி மையத்தார் இது இயல்பு என்றார்கள்; அவர்கள் சொன்னது பொய்யன்று. சுவிட்சுக்குள் ஓடுவது லினக்ஸ். படித்த கோப்புகளின் நகலைச் சும்மா கிடக்கும் ரேமில், அதாவது நினைவகத்தில், வைத்துக்கொள்வதும், ஏதேனும் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) கேட்டால் அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதும் லினக்ஸின் வழக்கம். அப்படி விட்டுக்கொடுக்கக்கூடியதையும் சேர்த்து, உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்லும் ‘மெம்அவைலபிள்’ என்னும் வரி, 2014இல் வெளிவந்த 3.14 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) இருக்கிறது. 2020இல் விற்ற சுவிட்சோ அந்த வரியை வெளியே காட்டாமல், மொத்த ரேமிலிருந்து வெறுமையாகக் கிடப்பதைக் கழித்து, எஞ்சியதையெல்லாம் பயன்பாட்டில் இருப்பதாகக் கணக்கெழுதியது. ஆளில்லாத அறையில் நெல் மூட்டை அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு அங்கே யாரோ குடியிருக்கிறார்கள் என்று சொல்வது போன்ற கணக்கு இது. நான் எச்சரிக்கை வரம்பை 95க்கு உயர்த்தினேன். அதையும் தொட்டது. 97க்கு உயர்த்தினேன். கடைசியில் எச்சரிக்கையையே நிறுத்தினேன். அதைச் செய்தது நான்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் ‘தீ, தீ’ என்று கத்துகிறவனை நம்பி எத்தனை நாள் எழுந்து ஓட முடியும்?

2022 இறுதியில் ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்காக ஃபர்ம்வேரை மாற்றினோம். ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, இரவெல்லாம் இயங்கிக்கொண்டிருந்த கணினிகளுக்கு எந்தக் குறையும் இல்லாதபோது, புதிதாக இயக்கிய கணினிகளுக்கு மட்டும் இணைப்புக் கிடைக்கவில்லை. சுவிட்சுக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழியான எஸ்.எஸ்.எச். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு மறுநொடியே துண்டித்தது. சுவிட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளைச் செருகிப் பார்த்தால், கட்டளையை நிறைவேற்ற நினைவகம் இல்லை என்ற ஒற்றை வரி. ரீபூட் கட்டளைக்கும் அதே பதில்.

அந்தக் காலை நேரத்தில் எரிச்சலுக்கு நடுவே அந்தச் சுவிட்சை மனதாரப் பாராட்டினேன் என்றால் நம்பமாட்டீர்கள். தரவுப் பொட்டலங்களைக் கடத்தும் வேலையைத் தனிச் சிப் தன்னுடைய சொந்த அட்டவணைகளைக் கொண்டே செய்துவிடுகிறது. ரேமை நம்பியிருப்பவை லாகின், புதிதாக இணையும் கணினியை அடையாளம் பார்த்து அனுமதிக்கும் 802.1எக்ஸ் சரிபார்ப்பு, எஸ்.என்.எம்.பி. போன்ற மேலாண்மை வேலைகள்தாம். மூளை மயங்கிக் கிடந்தபோதும் கைகள் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சுவிட்சுகளுக்கு இடையே லூப் (பொட்டலங்கள் முடிவின்றிச் சுற்றிவரும் வளையம்) ஏற்படாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்னும் ஏற்பாட்டின் புதிய வடிவத்தில் 2 நொடிக்கு ஒருமுறை போகவேண்டிய செய்தி தொடர்ந்து மூன்று முறை போகாவிட்டால், லூப் ஏற்படாதிருக்கத் தன் போர்ட்டை மூடிவைத்திருக்கும் பக்கத்துச் சுவிட்ச், எதிரில் ஆளில்லை என்று எண்ணி அதைத் திறந்துவிடும். எதிரில் இருப்பதோ பொட்டலங்களை இன்னும் கடத்திக்கொண்டிருக்கும் சுவிட்ச்; ஆகவே லூப் உருவாகிவிடும். அந்தச் செய்தியை அனுப்பும் ப்ராசஸ் அன்று எப்படியோ பிழைத்திருந்தது. நான் அதிகம் யோசிக்காமல் ஸ்டாக் முழுவதன் மின் இணைப்பையும் பிடுங்கி மாட்டினேன். சேமிக்காமல் விட்டிருந்த விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் அமைப்பு) மாற்றங்கள் சில அத்தோடு போயின.

அதன்பிறகுதான் முன்பே செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தேன். மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ப்ராசஸும் எவ்வளவு ரேமைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்துவந்தேன். ஏறி இறங்குவதைப் பற்றிக் கவலை இல்லை. ஏறியது ஒருநாளும் இறங்காவிட்டால் அது கசிவு. எஸ்.என்.எம்.பி. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ப்ராசஸ் 200 எம்.பி.யில் தொடங்கி, முப்பதாம் நாளில் 500 எம்.பி.யைப் பிடித்திருந்தது. கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, எங்கள் கண்காணிப்பு மென்பொருளேதான். எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அறிவதற்காக, மேக் முகவரி (ஒவ்வொரு கணினியின் வலையமைப்பு அட்டைக்கும் உரிய அடையாள எண்) அட்டவணை முழுவதையும் நிமிடத்துக்கு ஒருமுறை அது கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 1,440 முறை. முறைக்குச் சுமார் 7 கே.பி. திரும்பி வரவே இல்லை. நினைவகம் நிறைகிறதா என்று பார்க்க வைத்த காவலாளியே நினைவகத்தைத் தின்றுகொண்டிருந்தான். இடைவெளியை 5 நிமிடமாக மாற்றியதும் கசிவு நாளுக்கு 10 எம்.பி.யிலிருந்து 2 எம்.பி.யாகக் குறைந்தது. இப்போது ஆண்டு விடுமுறையில் ஒருமுறை, மாற்றங்களைச் சேமித்துவிட்டு, நிதானமாக ரீபூட் செய்கிறேன். அவ்வளவில் வண்டி ஓடுகிறது.

இத்தனையும் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. பொறுக்க முடியாதது உதவி மையத்தாரின் கடைசிப் பதில். இது அறிந்த பிழைதான், அடுத்த ஃபர்ம்வேரில் சரிசெய்துவிட்டோம் என்றார்கள். அதை இறக்கிக்கொள்ள ஆண்டுக் கட்டண ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். எங்களுடைய மூன்றாண்டு ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முடிந்துபோயிருந்தது. அந்த ஒப்பந்தம் எங்களுக்குக் கடைசியாகத் தந்துவிட்டுப் போனது கசியும் ஃபர்ம்வேரைத்தான். தங்கள் பிழையைத் திருத்திக்கொள்ள நம்மிடம் காசு கேட்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய சரக்காக வாங்குகிறவருக்கு அந்த ஒப்பந்தமும் இருக்காது. வரும் சுவிட்சில் எந்த ஃபர்ம்வேர் இருக்கிறதோ அதோடுதான் காலம் தள்ளவேண்டும். ஆகவே போர்ட், மின்சாரம், வெப்பம், வேகம் ஆகிய அனைத்திலும் குறையே சொல்ல முடியாத இந்தச் சுவிட்சை வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். அதே வியாபாரியிடம் எங்கள் கல்லூரிக்கு உதிரியாக இரண்டை எடுத்துவைக்கும்படி நான் முந்தைய நாளே சொல்லியிருந்ததையும் மறைக்கவில்லை. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மேக் அட்டவணையை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கவேண்டும் என்று மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.