மதீனா டு மக்கா ஹரமைன் ட்ரெயின்: வயசானவங்கள கூட்டிட்டு உம்ரா போறவங்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா, அம்மா, நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேருன்னு ஆறு பேரா உம்ரா (மக்கா புனிதப் பயணம்) போயிட்டு வந்தோம், அல்ஹம்துலில்லாஹ். முதல்ல மதீனா, அப்புறம் மக்கா. எங்க பேக்கேஜ்ல நடுவுல பஸ்தான், ஆனா அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், அஞ்சாறு மணி நேரம் காலத் தொங்கப் போட்டு உக்காந்துட்டு வந்தா தவாஃப் (கஃபாவ ஏழு சுத்து சுத்தி வர்றது) எப்படி செய்வாங்கன்னு பயந்து கைக்காசப் போட்டு ட்ரெயின் டிக்கெட் எடுத்துட்டோம்.

2018ல ஓட ஆரம்பிச்ச ட்ரெயின். 450 கிலோமீட்டர ரெண்டரை மணி நேரத்துக்குள்ள முடிச்சிருச்சு. எக்கானமிதான், அதுலயே கால் நீட்ட நல்ல இடம், 300 கிலோமீட்டர் வேகத்துல போறப்பவும் கையில இருந்த டீ அலுங்கல, அம்மா தஸ்பீஹ் ஓதிக்கிட்டே கண்ணசந்துட்டாங்க.

இஹ்ராம் (உம்ராவுக்கான உடுப்பு உடுத்தி நிய்யத் வெச்சுக்கற நிலை) விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. பஸ்ஸுன்னா மதீனாவ தாண்டுறதுக்கு முன்னாடி இஹ்ராம் கட்டுற இடமான துல்ஹுலைஃபால நிறுத்துவாங்க, ட்ரெயின் அங்க நிக்காது, மக்கா போய் பாத்துக்கலாம்னு இருந்துட்டா மீகாத்த (இஹ்ராம் இல்லாம தாண்டக் கூடாத எல்லைய) தாண்டிடுவீங்க. ரூம்லயே குளிச்சு இஹ்ராம் உடுத்திட்டு ட்ரெயின் கிளம்புனதும் நிய்யத் (உம்ரா செய்யறேன்னு மனசுல உறுதி) வெச்சுக்கலாம்னு நான் சொன்னேன், அத்தா ஒத்துக்கல. ரசூலுல்லாஹ் (ஸல்) இஹ்ராம் கட்டுன இடம்மா, இவ்ளோ தூரம் வந்துட்டு அத விட்டுட்டுப் போறதான்னு கேட்டாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. பெரிய டாக்ஸியா ஒண்ணு பேசி துல்ஹுலைஃபா பள்ளிவாசலுக்குப் போய் ரெண்டு ரகஅத் தொழுது, நிய்யத் வெச்சு, தல்பியா (லப்பைக்னு தொடங்குற துதி) சொல்லிக்கிட்டே ஸ்டேஷனுக்கு வந்தோம். பள்ளி ஒரு பக்கம், ஸ்டேஷன் வேற பக்கம், அதனால மூணு மணி நேரம் முன்னாடியே ரூம விட்டுக் கிளம்புங்க, ட்ரெயின் கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்ட மூடிடறாங்க. டிக்கெட்டோட எல்லார் பாஸ்போர்ட்டும் கையில இருக்கட்டும்.

குறைன்னா லக்கேஜ் வைக்க இடம் கம்மி, பெரிய பெட்டிங்கள எங்க குரூப் பஸ்லயே அனுப்பிட்டது நல்லதாப் போச்சு. அப்புறம் மக்கா ஸ்டேஷன் ஹரம் (கஃபா இருக்கற பள்ளிவாசல்) பக்கத்துல இல்ல, ருசைஃபால இருக்கு, வெளிய டாக்ஸிக்காரங்க வாய்க்கு வந்த ரேட் சொல்றாங்க, ஏறுறதுக்கு முன்னாடியே பேசிக்கங்க.

இஷா தொழுதுட்டு மதாஃப்ல (கஃபாவ சுத்துற இடத்துல) இறங்குனோம். வீல்சேர் எடுக்கவான்னு கேட்டேன், வேணாம்னுட்டு அத்தா கையப் புடிச்சுக்கிட்டு ஏழு சுத்தும் அம்மா நடந்தே முடிச்சாங்க. ஸயீக்கு (ஸஃபா, மர்வா நடுவுல ஏழு தடவ நடக்குறதுக்கு) மட்டும்தான் வீல்சேர் எடுத்தோம்.